விண்ணேறிய கடிகாரம்

2023-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி காலை 10 மணி 42 நிமிஷத்துக்கு, கத்திரி வெயில் முடியும் தறுவாயில், பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து, ஏறக்குறைய 52 மீட்டர் உயரமும் 420 டன் எடையும் கொண்ட ஜி.எஸ்.எல்.வி. எஃப்-12 என்னும் ராக்கெட்டு எழும்பிச் சென்றது. அது சுமந்து சென்ற என்.வி.எஸ்.-01 என்னும் செயற்கைக்கோளின் எடை 2,232 கிலோ. சுமார் பத்தொன்பது நிமிஷங்களுக்கெல்லாம் ராக்கெட்டு தன் சுமையை ஆகாயத்தில் விடுவித்தது. கட்டுப்பாட்டு அறையில் விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். நெருப்பும் புகையுமாக அந்தக் காட்சி மறுநாள் பத்திரிகைகளில் வெளிவந்தது.

இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி நாம் படிப்பதும் பேசுவதும் பெரும்பாலும் அந்தப் பத்தொன்பது நிமிஷங்களோடு முடிந்துவிடுகின்றன. அந்த நெருப்புக்கு உள்ள கவர்ச்சி அப்படிப்பட்டது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், வழிகாட்டும் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுவது என்றால் என்ன என்பது உண்மையாக விளங்க வேண்டுமானால், இத்தனை பெரிய யந்திரம் கடைசியில் எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பதையும், யந்திரத்தின் வேலை முடிந்தபின் அந்தப் பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதையும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தூக்கிச் செல்வது, சாரத்தில், ஒரு கடிகாரத்தை. மற்றவையெல்லாம், அதாவது சூரிய ஒளியை மின்சாரமாக்கும் இறகுகளும், ஆன்டெனாக்களும், எரிபொருள் தொட்டிகளும், அந்தக் கடிகாரத்தைப் பேணிக் காப்பதற்கும் அது காட்டும் நேரத்தைப் பூமிக்குச் சொல்வதற்கும் ஏற்பட்ட பரிவாரங்களே.

இடம் அறிவதற்கும் நேரம் அறிவதற்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகையால், தான் புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்பது நடுக்கடலில் இருக்கும் மாலுமிக்குத் திட்டமாகத் தெரியுமானால், தன் தலைக்கு நேரே சூரியன் உச்சிக்கு வரும் வேளையோடு அதை ஒப்பிட்டு, கிழக்கு மேற்காகத் தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவன் கணக்கிட்டுவிடலாம். கணக்கு சுலபமானதுதான், ஓயாது ஆடும் கப்பலில், உப்புக் காற்றிலும் மாறி மாறி வரும் வெப்பத்திலும் குளிரிலும் பிசகாமல் ஓடக்கூடிய கடிகாரந்தான் வெகுகாலம் கிடைக்கவில்லை. தச்சுத் தொழிலிலிருந்து கடிகார வேலைக்கு வந்த ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் தம் ஆயுளின் பெரும்பகுதியை அத்தகைய கடிகாரம் ஒன்றைச் செய்வதிலேயே செலவிட்டார். 1761-ல் அவருடைய குமாரர் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். வாரக்கணக்கான அந்தப் பிரயாணத்தின் முடிவில் அது சுமார் ஐந்து விநாடிகளே பிந்தியிருந்தது. கடலில் வழி தேடிய மனிதனுக்குக் கடிகாரம் துணை வந்த கதை அங்கே தொடங்குகிறது.

அந்தக் கடிகாரம் கப்பலை விட்டு ஆகாயத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எப்படி உதித்தது என்பதும் சுவையான வரலாறுதான். 1957-ஆம் வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் இரண்டு இளம் விஞ்ஞானிகள், அந்தக் கோள் அனுப்பிய வானொலி சமிக்ஞையை ஒட்டுக்கேட்கத் தொடங்கினார்கள். கோள் நெருங்கி வருகையில் சமிக்ஞையின் அதிர்வெண் சற்று உயர்ந்தும், விலகிச் செல்கையில் சற்றுத் தாழ்ந்தும் காணப்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றை மட்டும் கைக்கொண்டு, கோள் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்பதை அவர்கள் கணித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஃபிராங்க் மெக்ளூர் என்ற மூத்த விஞ்ஞானி அவர்களிடம் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நாம் நிற்கும் இடம் தெரிந்திருப்பதால் கோள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறோமே, கோள் இருக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? விடையாகப் பிறந்ததுதான் டிரான்சிட் என்னும் வழிகாட்டும் கோள்களின் வரிசை. 1959 செப்டம்பரில் ஏவிய முதற்கோள் சுற்றுப்பாதையை அடையவில்லை. 1960 ஏப்ரல் 13-ஆம் தேதி ஏவிய இரண்டாவது கோள் அடைந்தது. கடலுக்கடியில் ஏவுகணைகளோடு உலவிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் தாம் இருக்குமிடத்தைத் திட்டமாக அறிய வேண்டியிருந்தது. அந்த இராணுவத் தேவையே இதற்கெல்லாம் பணம் கொடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு 1978 பிப்ரவரியில் ஜி.பி.எஸ். வரிசையின் முதற்கோள் எழுந்தது. 1983-ல் வழி தவறி ரஷ்ய எல்லைக்குள் புகுந்த கொரியப் பிரயாணி விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்ட பிறகு, அந்த வசதி உலகத்தார் எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் அறிவித்தது. ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே சற்று மங்கலாக்கி, துல்லியமானதைத் தங்கள் படைகளுக்கென்று வைத்துக்கொள்ளும் வழக்கம் 2000-ஆம் வருஷம் மே மாதம் வரை நீடித்தது. ஒரு தேசத்தின் இராணுவம் விருப்பம்போல் மங்கலாக்கக்கூடிய விளக்கை நம்பி மற்ற தேசங்கள் தங்கள் கப்பல்களையும் விமானங்களையும் செலுத்துவது எத்தனை நாளைக்குச் சரிப்படும்? ரஷ்யாவும் ஐரோப்பாவும் சீனாவும் ஜப்பானும் தத்தமக்கெனக் கோள்களை ஏவியதற்கும், இந்திய அரசாங்கம் 2006-ல் தன் சொந்த வழிகாட்டும் திட்டத்துக்கு அனுமதி அளித்ததற்கும் அடிப்படை இந்தக் கேள்விதான்.

இனி, விண்ணில் இருக்கும் கடிகாரம் தரையில் நிற்பவனுக்கு எப்படி இடம் சொல்கிறது என்று பார்க்கலாம். மழைக்காலத்து இரவில் மின்னல் வெட்டியதும் சில விநாடிகள் கழித்து இடி முழங்குவதைக் கேட்கிறோம். இரண்டுக்கும் இடையே மூன்று விநாடிகள் கழிந்தால் மின்னல் வெட்டிய இடம் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிகிறோம். வழிகாட்டும் கோள் செய்வதும் இவ்வளவே; சப்தத்துக்குப் பதிலாக இங்கே வானொலி அலை வருகிறது. ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று கோள் இடையறாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு நம் கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு கோளுக்கும் நமக்கும் உள்ள தூரம் தெரிகிறது. ஒரு கோளிலிருந்து இன்ன தூரம் என்று மட்டும் தெரிந்தால் போதாது. அத்தனை தூரத்தில் எத்தனையோ இடங்கள் உண்டு. மூன்று கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடம் ஒன்றாகக் குவிந்துவிடும். ஆனால் நான்காவது ஒன்றும் தேவைப்படுகிறது. ஏனென்றால் நம்முடைய கைப்பேசியில் இருப்பது சாதாரணப் படிகக் கடிகாரம், அது கோளின் கடிகாரத்தோடு ஒத்து ஓடுவதில்லை. அந்தப் பிசகு எவ்வளவு என்பதையும் கணக்கில் ஓர் அறியாத எண்ணாக வைத்துத் தீர்ப்பதற்காகவே நான்காவது கோள். நான்கு கோள்களுக்குக் குறைந்தால் இந்த வித்தை பலிக்காது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அதற்கு அவசியம் வரும்.

மின்னலிலும் இடியிலும் ஒரு விநாடி பிசகினால் நூற்றுக்கணக்கான மீட்டர்தான் பிசகும். வானொலி அலையோ விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினாலும் இடம் 300 மீட்டர் விலகிவிடும். தெருவைத் தவறாமல் காட்ட வேண்டுமானால் விநாடியை நூறு கோடிப் பங்காக வகுத்து, அந்தப் பங்குகளில் சிலவற்றுக்குள் கடிகாரம் ஒழுங்காக நிற்க வேண்டும். இவ்வளவு நுட்பத்துக்குப் போகையில் ஐன்ஸ்டைனின் சார்பியல் தத்துவம் கூடப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்து கணக்குக் கேட்கிறது. வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாகிறது. பூமியின் ஈர்ப்பு தளர்ந்த உயரத்தில் இருக்கும் கடிகாரம் விரைவாகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஜி.பி.எஸ். கோளின் கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பதினோரு கிலோமீட்டர் அளவுக்குத் தவறு சேர்ந்துவிடும். அரிய தத்துவம் என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்று, வாடகை வண்டி ஓட்டுபவரின் கைப்பேசியில் ஒவ்வொரு நிமிஷமும் உபயோகமாகி வருவதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாயிருக்கிறது.

இத்தகைய நேரத்தைச் சக்கரங்களும் சுருள்வில்லும் காக்க முடியாது. படிகத்தின் அதிர்வும் நாளாவட்டத்தில் தளர்ந்துவிடும். ஆகையால் அணுவைச் சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். 1861-ல் புன்சென், கிர்க்காஃப் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானிகள் நிறமாலையில் தோன்றிய சிவப்புக் கோடுகளைக் கொண்டு கண்டுபிடித்த ருபீடியம் என்ற உலோகமே அந்தச் சாட்சி. அது மிகவும் மென்மையானது. 39 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். கடிகாரத்துக்குள்ளே ருபீடியம் ஆவி ஒளிரும் ஒரு சிறு விளக்கு இருக்கிறது. அதன் ஒளி செல்லும் வழியில் அதே ஆவியை அடைத்த கண்ணாடிக் குமிழ் ஒன்றும், குமிழைக் கடந்து வரும் ஒளியை அளக்கும் உணர்கருவி ஒன்றும் இருக்கின்றன. சிறிது நேரத்தில் குமிழிலுள்ள அணுக்கள் ஒளியை விழுங்க இயலாத நிலைக்குப் போய்விடுவதால் ஒளி தடையின்றிக் கடந்து செல்கிறது. அப்போது ஒரு படிகத்தின் அதிர்விலிருந்து பெருக்கி எடுத்த நுண்ணலையைக் குமிழின்மேல் பாய்ச்சுகிறார்கள். அந்த அலை விநாடிக்கு ஏறக்குறைய 683 கோடி தடவை துடிக்குமானால், அதுவும் அணுவுக்கு உரிய எண்ணிக்கையில் சிறிதும் கூடாமல் குறையாமல் துடிக்குமானால், அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடியும் ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. உணர்கருவியில் ஒளி மங்குகிறது. படிகம் எள்ளளவு தவறினாலும் மங்கல் குறைந்து ஒளி கூடுகிறது; உடனே அதைக் கண்ட மின்சுற்று படிகத்தை இழுத்துப் பிடித்து வழிக்குக் கொண்டுவருகிறது. இந்தக் கண்காணிப்பு இரவு பகல் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரே வகை ருபீடியம் அணுக்களில் எதுவும் மற்றொன்றிலிருந்து வேறுபடுவதில்லை, முதுமை அடைவதுமில்லை என்பதுதான் இதற்குப் பலம்.

இவ்வளவு முக்கியமான இந்தப் பொருளைத்தான் நாம் முதலில் வெளியிலிருந்து வாங்கினோம். 2013 ஜூலை 1-ஆம் தேதி இரவு ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ என்ற முதற்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் புறப்பட்டது, 2016 ஏப்ரல் 28-ஆம் தேதி ஏழாவது கோளும் ஏறி வரிசை நிறைவுற்றது, ‘நாவிக்’ என்ற பெயரும் அப்போதுதான் சூட்டப்பட்டது. ஏழில் மூன்று கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிலைத்து நிற்பன போலத் தோன்றும் பாதையிலும், நான்கு கோள்கள் அதற்குச் சாய்ந்த பாதையிலும், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுமாறு வகுத்திருந்தார்கள். இந்தியாவையும் அதன் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் வரையிலும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஏழே போதும் என்பது அந்த ஏற்பாட்டின் அழகு; உலகம் முழுவதையும் பார்க்க வேண்டிய ஜி.பி.எஸ்.ஸுக்கு இருபத்துநான்குக்குக் குறையாமல் வேண்டும். கோள்களையும் ராக்கெட்டுகளையும் நாமே செய்தோம். கோளுக்கு மூன்றாக வைத்த ருபீடியம் கடிகாரங்களை மட்டும் ஐரோப்பாவிலிருந்து தருவித்தோம். முதற்கோளின் மூன்று கடிகாரங்களும் சில வருஷங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. ஐரோப்பியர்களின் சொந்தக் கலிலியோ கோள்களிலும் கடிகாரங்கள் பழுதுபட்டன என்பது ஆறுதலாகாது. கோள் உயிரோடு இருந்தது, மின்சாரம் இருந்தது, ஆன்டெனா பேசியது. நேரம் தெரியாததால் அது வழிகாட்டும் தகுதியை இழந்தது.

அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டு 31-ஆம் தேதி அனுப்பிய கோளுக்கு நேர்ந்ததோ இன்னும் வருத்தமான கதி. காற்று மண்டலத்தின் உராய்விலிருந்து கோளைக் காப்பதற்காக ராக்கெட்டின் தலைப்பில் வெப்பக் கவசம் ஒன்றைப் பொருத்துவார்கள். காற்று மெலிந்த உயரத்தை அடைந்ததும் அது இரண்டாகப் பிளந்து விழுந்துவிட வேண்டும். அன்று அது பிளக்கவில்லை. வேண்டாத பாரத்தைச் சுமந்துகொண்டே ராக்கெட்டு மேலே போயிற்று. குறித்த நேரத்தில் கோள் ராக்கெட்டின் பிடியிலிருந்து விடுபட்டும், மூடிய கவசத்துக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தது. 2018 ஏப்ரலில் வேறொரு கோளை ஏவி அந்த இடத்தை நிரப்பினார்கள்.

ஆகவே, 2023 மே மாதத்து ஏவுதலில் விசேஷம் என்னவென்றால், ஆமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் உருவான ருபீடியம் கடிகாரம், நம் நாட்டிலேயே செய்த முதற்கடிகாரம், அன்று விண்ணேறியது. அத்துடன், மற்ற தேசத்துக் கோள்கள் பேசும் எல்-1 என்ற அலைவரிசையிலும் பேசும் வசதியை இந்தப் புதுவரிசைக் கோளுக்கு அளித்திருந்தார்கள். கைப்பேசிகளிலும் கைக்கடிகாரங்களிலும் உள்ள சிறு சில்லுகள் பெரும்பாலும் அந்த அலைவரிசையைக் கேட்கவே பழகியவை. இவற்றையெல்லாம் சேர்த்ததால் கோளின் எடை கூடிற்று. முந்திய கோள்கள் 1,425 கிலோ அளவில் இருந்ததால் பி.எஸ்.எல்.வி. போதுமாயிருந்தது, இதற்கு ஜி.எஸ்.எல்.வி. வேண்டியதாயிற்று.

அந்த ராக்கெட்டின் அமைப்பையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் 139 டன் திட எரிபொருளைக் கொண்ட பெரிய உருளை. அதைச் சுற்றி, தலைக்கு நாற்பது டன் திரவ எரிபொருளோடு நான்கு பக்கவாட்டு ராக்கெட்டுகள். தரையை விட்டு எழுவதற்கு 4.8 விநாடிகளுக்கு முன்பே பக்கவாட்டு நான்கையும் பற்றவைத்துவிடுகிறார்கள். காரணம் உண்டு. திரவ எரிபொருளை வால்வை மூடி நிறுத்திவிடலாம். திட எரிபொருளைப் பற்றவைத்தபின் நிறுத்த வழியில்லை. ஆதலால் நான்கும் தக்க வலிமையோடு எரிகின்றனவா என்று கணிப்பொறி சோதித்துத் திருப்தி அடைந்த பிறகே நடுவிலுள்ளதைப் பற்றவைக்கிறது. இந்த வகை ராக்கெட்டின் முதற்பயணத்துக்கென 2001 மார்ச் 28-ஆம் தேதி நாள் குறித்தபோது, நான்கில் ஒன்று போதிய உந்துவிசை தராததைக் கண்டு, எழும்புவதற்கு ஒரு விநாடிக்கு முன் கணிப்பொறி அனைத்தையும் அணைத்துவிட்டது; மூன்று வாரங்களில் குறையைத் தீர்த்து ஏப்ரல் 18-ஆம் தேதி அதே ராக்கெட்டை அனுப்பினார்கள். நடுவிலுள்ள உருளை முதலில் எரிந்து தீர்ந்துவிடும். பக்கவாட்டு நான்கும் அதையும் சுமந்துகொண்டு மேலும் சுமார் முக்கால் நிமிஷம் எரியும். அவற்றில் உள்ள விகாஸ் எஞ்சினையும், உச்சியில் உள்ள கிரையோஜெனிக் எஞ்சினையும் சோதித்துப் பார்க்கும் இடம் நம்முடைய திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி.

கிரையோஜெனிக் என்னும் அந்த உச்சிக் கட்டத்தில்தான் அன்று எல்லோருடைய கவலையும் இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக் குளிரில் திரவமாகும் ஹைட்ரஜனையும், 183 டிகிரிக் குளிரில் திரவமாகும் ஆக்ஸிஜனையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் அடக்கி, வானில் ஏறியபின் பற்றவைப்பது எளிதான காரியமன்று. 1990-களின் தொடக்கத்தில் ரஷ்யாவிடமிருந்து இந்த வித்தையைக் கற்க ஒப்பந்தம் செய்திருந்தோம். அமெரிக்காவின் நிர்ப்பந்தத்தால் ரஷ்யர்கள் 1993-ல் பின்வாங்கினார்கள். செய்து முடித்த சில எஞ்சின் கட்டங்களை விற்றார்களே ஒழிய, செய்யும் முறையைச் சொல்லவில்லை. நாமே செய்த எஞ்சின் 2010 ஏப்ரலில் முதன்முறை பறந்து தோற்றது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி வென்றது. பிறகு பலமுறை வென்ற அந்தக் கட்டம் 2021 ஆகஸ்டு 12-ஆம் தேதி மறுபடியும் கைவிட்டது. ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு வால்வில் கசிவு உண்டாகி, அழுத்தம் குறைந்து, எஞ்சின் பற்றவே இல்லை. அந்தத் தோல்விக்குப் பின் ஜி.எஸ்.எல்.வி. எழும் முதற்பயணமே என்.வி.எஸ்.-01-ஐச் சுமந்த பயணம். கீழ்க் கட்டங்கள் கழன்று விழுந்து, உச்சிக் கட்டம் பற்றிக்கொண்டது என்ற செய்தி ஒலிபெருக்கியில் வந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் எவ்வளவு நிம்மதி அடைந்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பத்தொன்பது நிமிஷங்கள் முடிந்தபின் நடப்பதற்கு வருவோம். ராக்கெட்டு கோளை அதன் இறுதி ஸ்தானத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை. பூமியை ஒரு முனையில் சுமார் 170 கிலோமீட்டர் வரை நெருங்கியும், மறுமுனையில் 36,000 கிலோமீட்டருக்கும் அப்பால் விலகியும் செல்லும் நீள்வட்டப் பாதை ஒன்றில் அதைத் தள்ளிவிட்டு விடைபெற்றுக்கொள்கிறது. அந்தப் பாதையில் கோள் பூமிக்கு அருகே விநாடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. தொலைமுனையில் அதன் வேகம் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. அந்த உயரத்தில் வட்டமாகச் சுற்றுவதற்கு வேண்டிய வேகமோ மூன்று கிலோமீட்டர். குறையை ஈடுசெய்ய வேண்டியது கோளின் சொந்த எஞ்சின். பூமியில் சுமார் 45 கிலோ எடையைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கே அதற்கு வலிமை உண்டு. கர்நாடகத்தில் ஹாசனில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து கட்டளை அனுப்பி, கோள் தொலைமுனையை அடையும் வேளை பார்த்து அந்த எஞ்சினை நீண்ட நேரம் எரித்து, பிறகு பாதையை அளந்து, மறுபடியும் எரித்து, பல நாட்களில் கோளை உயர்த்துகிறார்கள். என்.வி.எஸ்.-01 இப்படித்தான் தன் இடத்தை அடைந்தது. கைதட்ட அங்கே கூட்டம் இல்லை.

இந்தப் பிற்பகுதி எவ்வளவு முக்கியமானது என்பதை அடுத்த கோள் காட்டியது. 2025 ஜனவரி 29-ஆம் தேதி காலை 6 மணி 23 நிமிஷத்துக்கு ஜி.எஸ்.எல்.வி. எஃப்-15 ராக்கெட்டில் என்.வி.எஸ்.-02 புறப்பட்டது. அது ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல்; 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி அப்துல் கலாமின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 எழுந்து, வழியில் பழுதுபட்டு வங்கக் கடலில் விழுந்ததுதான் முதலாவது. நூறாவதன்போது இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், அந்த மாதத்தில்தான் பொறுப்பேற்றிருந்த வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, கிரையோஜெனிக் எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்தவர். ராக்கெட்டு தன் கடமையைக் குறைவின்றிச் செய்தது. கோளைக் குறித்த நீள்வட்டத்தில் விட்டது. சூரிய இறகுகள் விரிந்தன. பூமியோடு தொடர்பும் ஏற்பட்டது. விழா கொண்டாடிய செய்திகள் வெளிவந்துகொண்டிருந்தன. ஆனால் கோளின் எஞ்சினை எரிப்பதற்கு வேண்டிய ஆக்ஸிகரணியை உள்ளே விடும் வால்வு திறக்கவில்லை. எரிபொருள் தொட்டி நிரம்பிக் கிடக்க, கோள் அந்த நீள்வட்டத்திலேயே தங்கிவிட்டது.

இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடிப்பதும், ராக்கெட்டு வென்றது என்று சொல்லி மழுப்புவதும் ஆகிய இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. நூறு தடவை ஏவியபின் ராக்கெட்டு விடுகிற கலையில் நாம் தேர்ந்துவிட்டோம் என்பது மெய். கோள் விண்ணில் தனியே நின்று வருஷக்கணக்காக உழைக்க வேண்டிய கலையில் இன்னும் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதும் மெய். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசாங்கம் கூறிய கணக்கே அதற்குச் சான்று: அதுவரை ஏவிய பதினோரு கோள்களில் இடமும் நேரமும் காட்டும் பணியில் இருந்தவை நான்கு. இரண்டு, சேர வேண்டிய பாதையைச் சேரவில்லை, ஒன்று ஓய்வுபெற்றுவிட்டது. நான்குக்குக் குறைந்தால் வித்தை பலிக்காது என்று முன்னே சொன்னது நினைவிருக்கும். விளிம்பில் நின்ற அந்த நிலையை மாற்றத்தான் என்.வி.எஸ். வரிசையில் ஐந்து கோள்களை வகுத்தார்கள்.

பதினொன்றில் எஞ்சிய நான்கு, அப்போது ஒருவழிச் செய்தி பரப்பும் வேலையைச் செய்துவந்தன. இந்தச் செய்தி பரப்பும் சேவைக்குத் துல்லியமான நேரம் தேவையில்லை. ஆகையால் கடிகாரம் நின்றுபோன கோளும் அதற்கு உதவும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்கு, கரையிலிருந்து பேசும் வானொலி எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்ததால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை; அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அதன் பிறகுதான் நாவிக் கோள்களின் வழியே புயல் எச்சரிக்கையைப் பெறும் சிறு கருவிகளைத் தென்கரைப் படகுகளில் பொருத்தும் முயற்சி தொடங்கியது. கோள் அனுப்பும் செய்தி படகில் உள்ள கருவிக்கு வருகிறது. கருவியிலிருந்து மீனவரின் கைப்பேசித் திரையில் தோன்றுகிறது. கரையிலிருந்து பேசும் வானொலி எட்டாத தூரத்திலும் அது வந்து சேரும். பதிலுக்கு ஒரு வார்த்தை திருப்பி அனுப்ப அந்தச் சேவையில் வழியில்லை.